விளையாட்டு அறிவியல் மாணாக்கரின் உத்தியோக ஆசை

கொல்லிமலையில் நாடு என்று வழங்கும் ஊர்த்தொகுதிகள் 14 உள்ளன. அவற்றுள் ஒன்று பைல் நாடு. அந்நாட்டினின்றும் மலையிறங்கி வந்து நம் கலாசாலையில் விளையாட்டு அறிவியல் பயிலும் மாணாக்கர் ஒருவர், வகுப்புத் தொடங்கிய முதல் வாரத்தில் எமக்களித்த மறுமொழியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

புதிதாகச் சேர்ந்தோரை, "படிப்பு முடிந்தபின் யாது செய்யக் கருதுகின்றீர்?" என வினவுதல் எம் வழக்கம். அன்றும் வினவினோம். ஒருசிலர் போலீஸ் உத்தியோகம் என்றனர். ஒருசிலர் இரயில்வே என்றனர். பட்டாளத்தை விரும்பினோரும் இருந்தனர். சென்னையினின்றும் வந்த ஒருவர், கிரிக்கெட் அணியொன்றின் ஆட்டங்களைக் கணினி கொண்டு பகுத்தாராயும் தொழிலில் தமக்கு நாட்டமுண்டு என்றபோது வகுப்பு முழுதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. இறுதியில் பைல் நாட்டு மாணாக்கரின் முறை வந்தது. அவர் எழுந்து நின்று, "எங்கள் மலையிலேயே பி.டி. வாத்தியாராக இருக்க வேண்டும், ஐயா," என்றார். வகுப்பிலே சிரிப்பொலி எழுந்தது. அவரும் சிரித்துக்கொண்டே அமர்ந்தார்.

அச்சிரிப்பில் வஞ்சம் ஏதும் இருந்ததாக யாம் கருதவில்லை. ஆயினும் அது எம் செவியைவிட்டு நெடுநாள் அகலவில்லை. உடலியங்கியலும் உளநூலும் ஊட்டவியலும் அசைவின் விசைகளைப் பற்றிய நூலும் மூன்றாண்டுகள் பயின்ற ஒருவர், கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு மலைப்பள்ளியொன்றின் முற்றத்தில் நிற்பதோ என்னும் எண்ணமே அச்சிரிப்பின் பொருளாகும். அவ்வெண்ணம் பிழைபட்டது என்பதும், அன்று வகுப்பிற் கேட்ட விடைகள் அனைத்தினும் பைல் நாட்டாரின் விடையே அவர் கற்க வந்த கல்விக்கு மிக நெருங்கியது என்பதும் எம் அபிப்பிராயம். இகழத்தக்கது ஒன்று உண்டெனில், அது அவ்வுத்தியோகத்தை நாம் ஆக்கி வைத்திருக்கும் நிலையே. இதனைச் சிறிது விரித்துக் கூறுதற்கு வாசகர் பொறுமையை வேண்டுகின்றோம்.

பி.டி. வாத்தியார் என்னும் பெயருக்கு முன்னிருந்த பெயர் டிரில் மாஸ்டர். பள்ளிகளில் தேகப்பயிற்சி என்றால், பட்டாளத்தினின்றும் ஓய்வு பெற்ற ஒருவர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கட்டளையிட்டுக் கைகால்களை அசைப்பித்தலே என்றிருந்த காலம் ஒன்றுண்டு. அமெரிக்க நாட்டினராகிய ஹாரி குரோ பக் என்பார் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கலாசாலையைத் தோற்றுவித்தார். ஆசியாவில் இத்துறைக்கென எழுந்த முதற் கலாசாலை அதுவே என்பர். விளையாட்டைக் கற்பிப்பவரும் ஆசிரியரே. ஆதலின் ஏனை ஆசிரியரைப் போல அவரும் முறையாகப் பயின்றவராதல் வேண்டும் என்பதே அக்கலாசாலை எழுந்ததன் பொருள். 1943இல் பக் மறைந்தார். சென்னை நந்தனத்தில் அவர்தம் கலாசாலை நூறாண்டு கடந்து நிற்கின்றது. ஆயினும் அவர் அகற்ற விரும்பிய டிரில் மாஸ்டர் மட்டும் நம் மனத்தினின்றும் இன்னும் அகன்றபாடில்லை. பள்ளிகளில் உடற்பயிற்சிக்குரிய நேரத்தைக் கணக்காசிரியர் கடனாக வாங்கிக்கொள்வதும், வாங்கிய கடனை ஒருபோதும் திருப்பிக் கொடாமையும் நாம் யாவரும் அறிந்ததே. கணக்கிலே வல்லவர் இந்த ஒரு கணக்கை மட்டும் மறந்துவிடுகின்றார்!

நிற்க. இன்று இத்துறையிற் சேரும் மாணாக்கரின் எதிர்நோக்கம் பெருகியிருப்பதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. குவாலியரில் 1957இல் இலட்சுமிபாய் பெயரால் உடற்கல்விக் கலாசாலை எழுந்தது; 1961இல் பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தோன்றியது. தமிழ்நாட்டிலோ 2004இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமென ஒரு பல்கலைக்கழகமே நிறுவப்பட்டுச் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் நடைபெற்று வருகின்றது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் விளையாட்டு அறிவியலுக்கெனத் தனி மையம் உண்டு. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் நடந்தபோது, நம் மாணாக்கர் பலர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, ஓடுகின்றவரை நோக்காது, ஓட்டப்பாதையின் ஓரத்தில் நின்ற பயிற்சியாளரையும் உடலியக்க மருத்துவரையும் நோக்கிக்கொண்டிருந்ததை யாம் கண்டோம். அவர் நிற்கும் இடத்தில் தாமும் நிற்கலாகாதோ என்னும் ஏக்கம் இயல்பே. அதனைக் குறை கூறோம். ஆனால் அத்தகைய இடங்கள் சில. அவையும் பெருநகரங்களிலே உள்ளன. அவற்றை எய்துதற்கு முதுகலைப் பட்டமும், ஆங்கிலப் பேச்சும், பெரும்பொருள் கொடுத்துப் பெறும் சான்றிதழ்களும் வேண்டும். இவ்வுண்மையை நாம் மாணாக்கர்க்கு முதலாண்டிலே கூறுவதில்லை. மூன்றாம் ஆண்டின் இறுதியில் அவர்களே கண்டுகொள்கின்றனர்.

போலீஸ், இரயில்வே என்று கூறிய மாணாக்கரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழ்நாட்டரசு தன் உத்தியோகங்களில் 3 விழுக்காட்டை விளையாட்டு வீரர்க்கென ஒதுக்கியுள்ளது. இச்செய்தியைக் கேள்வியுற்றே பலர் இத்துறையிற் சேர்கின்றனர். அவ்வொதுக்கீடு பதக்கம் பெற்றவர்க்கு உரியது. பட்டம் பெற்றவர்க்கு உரியதன்று. விளையாட்டு அறிவியலில் முதல் வகுப்பிலே தேறினும், போட்டியில் வென்ற சான்று இல்லாதவர்க்கு அக்கதவு திறவாது. இவ்வேறுபாட்டை அறியாமலே மூன்றாண்டுகளைக் கழித்தோர் எமக்குத் தெரிந்தே உளர். இனி, பதக்கந்தான் உறுதியான பொருளோ எனின், அதுவும் அன்று. புதுக்கோட்டை மாவட்டத்து ஏழைக் குடும்பத்திற் பிறந்த சாந்தி சௌந்திரராஜன் என்னும் நங்கை, 2006இல் தோஹா நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மருத்துவச் சோதனையொன்றைக் காரணங்காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. பின்னர் அவர் செங்கற்சூளையிற் கூலிவேலை செய்யும் நிலைக்கு வந்ததை நாடு கண்டது. சில ஆண்டுகள் கழித்துப் பயிற்சியாளர்க்குரிய பட்டயக் கல்வியைப் பயின்று முடித்து, அதன்பின் பயிற்சியாளராகப் பணியமர்ந்தார். பதக்கத்தைப் பறித்தவர்களால் அவர் கற்றதைப் பறிக்க இயலவில்லை.

இனிப் பைல் நாட்டு மாணாக்கர் விரும்பிய உத்தியோகத்திற்கு வருவோம்.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராவதற்கு, மூன்றாண்டுப் பட்டப்படிப்பின்மேல் பி.பி.எட். என்னும் பயிற்சியையும் பலர் பெறுகின்றனர். முன்னர் ஓராண்டாக இருந்த அப்பயிற்சி 2015 முதல் ஈராண்டாயிற்று. ஆக ஐந்தாண்டுகள். ஐந்தாண்டுகள் கற்றவர்க்குக் காத்திருக்கும் இடம் எத்தகையது? 2012இல் தமிழ்நாட்டரசு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றைக் கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியரை நியமித்தது. வாரத்திற்கு மூன்று அரைநாள் வேலை. மாதச் சம்பளம் 5,000 ரூபாய். சம்பளம் சிறிது சிறிதாக உயர்ந்து 2024இல் 12,500 ரூபாயாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளில் மணமாகி, மக்களைப் பெற்று, அம்மக்களையும் பள்ளிக்கு அனுப்பிய ஆசிரியர்கள் அப்பொழுதும் பகுதிநேரத்தாராகவே இருந்தனர். முழுநேரமாக்குமாறு அவர்கள் சென்னை வீதிகளில் ஆண்டுதோறும் அமர்ந்து வேண்டியதை நாளிதழ்கள் வெளியிட்டுள்ளன. வாரத்தில் மூன்று அரைநாள் மட்டும் ஒருவர்க்கு உடல் இருந்தாற் போதும் என்று அரசு கருதுகின்றது போலும்.

இதற்கு வேர் எங்குள்ளது என்று யாம் தேடினோம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் ஓர் அட்டவணை உளது. 6ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் மாணாக்கர் 100 பேருக்கு மேற்பட்டால், ஓவியத்திற்கும், உடல்நலமும் உடற்பயிற்சியுமாகிய பாடத்திற்கும், தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அது கூறுகின்றது. ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்றும் அதே அட்டவணை கூறும். 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகட்கோ உடற்பயிற்சிப் பயிற்றுநர் என்னும் பேச்சே அதில் இல்லை. சட்டம் செய்தோர் நல்லெண்ணத்தோடுதான் செய்தனர். ஆனால் அவர்கள் கண்முன் நின்றது சமவெளியிலுள்ள பெரிய ஊரேயன்றிக் கொல்லிமலை அன்று.

மலையின் அமைப்பை அறிந்தோர்க்கு இதன் விளைவு எளிதில் விளங்கும். காரவள்ளி அடிவாரத்தினின்றும் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், ஒன்றுக்கொன்று தொலைவில், பள்ளத்திலும் மேட்டிலுமாகச் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும். அங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள், கேரளத்தார் அல்லர். ஊர்கள் சிறியனவாதலின் பள்ளிகளும் சிறியனவாகவே இருத்தல் இயல்பு. பள்ளி சிறிதாயின், 100 என்னும் எண்ணை எட்டாது. எட்டாவிடின், அரைநாட் பயிற்றுநரும் இல்லை. பைல் நாட்டிலே பிறந்த குழந்தை, தான் சிறிய ஊரிற் பிறந்த குற்றத்திற்காக ஓட்டமும் தாண்டலும் கற்பிப்பாரின்றி வளர்கின்றது. அதே எண், அக்குழந்தைகட்குக் கற்பிக்க விரும்பும் நம் மாணாக்கரின் உத்தியோகத்தையும் இல்லையாக்கி விடுகின்றது. ஒரே கயிறு இருவர் காலையும் கட்டியிருக்கின்றது.

பழங்குடியினர்க்கென நடுவணரசு நடத்தும் ஏகலைவ மாதிரி உறைவிடப் பள்ளிகள் இதற்கு ஒரு விலக்கு. அப்பள்ளி ஒவ்வொன்றிலும் உடற்கல்வி ஆசிரியராக ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் இருத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. நாடெங்கும் 740 பள்ளிகட்கு 38,800 ஆசிரியரும் பணியாளரும் நியமிக்கப்படுவர் என்று 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. நன்று. ஆனால் அது நாடளாவிய ஒரே தேர்வு. கொல்லிமலை மாணாக்கர் தேறினும், அவர் கொல்லிமலைக்கே அனுப்பப்படுவார் என்பதற்கு உறுதியில்லை. அன்றியும் உறைவிடப் பள்ளி என்பது ஊரைவிட்டுப் பிரிந்து வந்த பிள்ளைகட்கு உரியது. சிற்றூர்ப் பள்ளியிலே தங்கிவிட்டவர்க்கு அதனாற் பயனில்லை.

மலைப்பிள்ளைகட்குப் பயிற்சியெதற்கு, அவர்களுக்கு இயற்கையே பெரிய நுரையீரலைத் தந்திருக்கின்றதே என்று நண்பரொருவர் எம்மிடம் வாதித்தார். இக்கூற்றைப் பலர் நம்புவதால் இதற்கும் விடை கூறுதல் வேண்டும். 1968இல் ஒலிம்பிக் விளையாட்டு மெக்சிகோ நகரத்தில் நடந்தது. அந்நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. நம் உதகமண்டலமும் ஏறக்குறைய அவ்வுயரமே. அங்குக் காற்று மெலிந்திருந்தமையால் நெடுந்தொலை ஓட்டத்தில் சமவெளி வீரர் பலர் திணறினர். கென்யாவின் மேட்டுநிலத்துப் பிறந்த கிப் கெய்னோ 1,500 மீட்டர் ஓட்டத்தில் வென்றார். மெலிந்த காற்றிலே நெடுநாள் வாழ்வோரின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்கள் பெருகும் என்பது உண்மையே. ஆனால் அவ்விளைவு செவ்வையாகத் தோன்றுவதற்கு 2,000 மீட்டரும் அதற்கு மேலும் உயரம் வேண்டும். கொல்லிமலையோ பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் வரையே உயர்ந்தது. அங்குள்ள பிள்ளைகள் வலியராக இருப்பது காற்றினால் அன்று. நாள்தோறும் ஏறியும் இறங்கியும் நடப்பதனால். பேருந்தும் மோட்டார் வண்டியும் ஊருக்குள் வரவர அந்நடையும் குறையும். அப்பொழுது நுரையீரலைப் பற்றிய பெருமையும் வல்வில் ஓரியின் அம்பைப் போலக் கதையாகவே நிற்கும். ஓரி எய்த ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தது என்று புறநானூற்றுப் புலவர் பாடியுள்ளார். விசையியல் வகுப்பில் இதனைக் கணக்கிட்டுப் பார்த்த நம் மாணாக்கர், புலவரின் வள்ளன்மை ஓரியின் வள்ளன்மைக்குக் குறைந்ததன்று என்று முடிவு செய்தனர்.

கென்யாவைப் பற்றிக் கூறினோமாதலின் இன்னொன்றும் கூறுவோம். அந்நாட்டில் இட்டென் என்னும் மேட்டுநிலச் சிற்றூரிலுள்ள செயின்ட் பாட்ரிக் மிஷன் பள்ளிக்கு 1976இல் அயர்லாந்தினின்றும் காம் ஓகானல் என்னும் துறவறச் சகோதரர் பூகோளம் கற்பிக்க வந்தார். ஓட்டப்பயிற்சியில் அவர்க்குப் பட்டம் ஏதுமில்லை. பிள்ளைகள் ஓடுவதை நோக்கினார். நோக்கியதை நினைவில் வைத்தார். ஊரைவிட்டுப் போகாமல் அங்கேயே தங்கினார். அவர் பயிற்றிய பிள்ளைகளுள் பலர் உலக வீரராயினர். அவர்களுள் ஒருவரான டேவிட் ருடிஷா, 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 வினாடியில் ஓடி உலகச் சாதனை நிகழ்த்தினார். உயர்ந்த மலைகள் உலகில் எத்தனையோ உள. இட்டெனுக்கு வாய்த்தது மலைமட்டும் அன்று, பல்லாண்டு தங்கிய ஆசிரியருமாவர். வாரத்தில் மூன்று அரைநாள் வந்து போவாராயின், அவர் யாரை நோக்கியிருப்பார்?

இவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியிலே, ஐந்து வயதிற் பேருந்து ஏறிக் கால் நசுங்கிய சிறுவர் ஒருவரை, உயரந்தாண்டுமாறு முதலிலே தூண்டியவர் அவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரே. அச்சிறுவராகிய மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ நகரத்துப் பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். அடுத்துவந்த இரு பாராலிம்பிக்குகளிலும் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். அவ்வாசிரியர் அன்று அப்பள்ளியில் இல்லாதிருந்தால், அக்காலைக் கண்டவர் இரங்கியிருப்பார்; தாண்டும் என்று கண்டவர் எவருமிலர்.

பதக்கம் பெறுவோர் ஆயிரத்தில் ஒருவர். எஞ்சியோரை நோக்கியே விளையாட்டு அறிவியல் மலைக்கு வேண்டும் என்பது எம் கருத்து. கொல்லிமலையில் முன்னர்ச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களிற் பெரும்பகுதியை, சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகட்குச் செல்லும் மரவள்ளி பற்றிக்கொண்டது. கையிற் காசு வந்தது. கலத்தில் இருந்த தானியம் மாறிற்று. வளரும் பெண்பிள்ளைக்கு இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தால் முதலில் தெரிவது எங்கே? மருத்துவர் அறையில் அன்று, விளையாட்டுத் திடலிலே. இருநூறு மீட்டர் ஓடியதும் இளைத்து அமர்ந்துவிடும் பிள்ளையைச் சோம்பேறி என்று வைபவர் டிரில் மாஸ்டர்; அவள் காலையில் என்ன உண்டாள் என்று வினவுபவர் நாம் பயிற்ற விரும்பும் ஆசிரியர். தலைச்சுமையோடு செங்குத்தான வழியில் இறங்கும் மகளிரின் முழங்கால் எவ்வாறு தேய்கின்றது, எவ்வாறு சுமந்தால் நோவு குறையும் என்பனவும் எம் பாடநூலில் உள்ளவையே. தேர்வுத்தாளில் எழுதியபின் அவற்றை அங்கேயே விட்டு வருகின்றோம்.

இக்கல்வி மலையில் வேரூன்றக் கூடியதே என்பதற்கு அம்மலையிற் பிறந்த ஒருவரே சான்று. மிஷனரிகளாகிய ஜெஸ்ஸி பிராண்ட், எவெலின் பிராண்ட் தம்பதியர்க்கு 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். தந்தையார் 1929இல் காய்ச்சலால் மறைந்தார். மகன் இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல் நோயினால் அழுகி விழுகின்றது என்று உலகம் நம்பிய காலத்தில், உணர்ச்சியற்றுப் போன கையும் காலும் தம்மையறியாமலே காயம் படுவதுதான் அழிவுக்குக் காரணம் என்று அவர் கண்டார். மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். நடக்கும்போது பாதத்தின் எப்பகுதியில் எவ்வளவு அழுத்தம் படுகின்றது என்று ஆராய்ந்து, அதற்கேற்ற மெத்தென்ற பாதரட்சைகளை ஆக்குவித்தார். இன்று நம் மாணாக்கர் விசையியல் என்று கற்பது இதுவே. ஏழை ஒருவரின் பாதத்தை உற்று நோக்கியதிலிருந்தே அது பிறந்தது என்பதை அவர்கட்கு யாரேனும் கூறினாரோ, யாம் அறியோம்.

எம்மை மறுப்போர் ஒன்று கூறக்கூடும். மலைப்பிள்ளையை மலைக்கே திருப்பியனுப்புதல் நன்றோ? நகரத்தார் மக்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் அமர, பைல் நாட்டார் மட்டும் பைல் நாட்டிலே நிற்பதோ? இது நேர்மையான வினா. எவரையும் திருப்பியனுப்ப யாம் கூறவில்லை. பைல் நாட்டார் ஆராய்ச்சிக் கூடத்தை விரும்பினால், அதற்கு வேண்டிய ஆங்கிலத்தையும் பொருளுதவியையும் அவர்க்கு அளிப்பது நம் கலாசாலையின் கடன். அவ்வாறே, ஓர் நகரத்து மாணாக்கர் மலையில் ஈராண்டு பணிசெய்ய விரும்பின் அதனையும் வரவேற்போம். ஆனால் ஒருவர் தாமே மனமொப்பி மலைக்குச் செல்வேன் என்னும்போது, அவர்க்கு நாம் கொடுப்பது சிரிப்பும், அரசு கொடுப்பது அரைநாட் சம்பளமும் ஆயின், நகரத்தை நோக்கி ஓடும் ஏனையோரைக் கடிந்துகொள்ள நமக்கு வாயேது? மாணாக்கியரின் பெற்றோர் எம்மிடம் வந்து, "படித்தபின் பெண்ணுக்கு நிலையான வேலை கிடைக்குமா, ஐயா?" என்று கேட்கும்போது, எம் கண்கள் சுவரிலுள்ள கோப்பைகளின்மீது செல்கின்றனவே தவிர, அவர்கள் முகத்தை நோக்க நாணுகின்றன.

ஆகவே, யாம் வேண்டுவன பெரியன அல்ல. 100 மாணாக்கர் என்னும் அளவை மலைப்பகுதிகட்குத் தளர்த்தி, ஒரு நாட்டிலுள்ள சிறு பள்ளிகள் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணி, நாட்டுக்கொரு முழுநேர உடற்கல்வி ஆசிரியரை அரசு நியமிக்கலாம். 14 நாடுகட்கு 14 பேர், கருவூலம் வறண்டுவிடாது. அவ்வாசிரியர் திங்கட்கிழமை ஒரு பள்ளியிலும் செவ்வாய்க்கிழமை வேறொரு பள்ளியிலுமாக நடந்து சென்று கற்பிப்பார். மலையில் நடப்பது அவர்க்குப் புதிதன்று. நம் கலாசாலையைப் பொறுத்தவரை, சேர்க்கையின்போதே எந்த உத்தியோகத்திற்கு எந்தத் தகுதி வேண்டும், பதக்கத்திற்குரியது யாது, பட்டத்திற்குரியது யாது என்பதை அச்சிட்டு ஒவ்வொரு மாணாக்கர் கையிலும் கொடுத்தல் வேண்டும். சேர்க்கை குறையும் என்று அஞ்சுவோர் எம்மிடையே உண்டு. குறையட்டும். மேலும், கற்பித்தற் பயிற்சிக்கென நகரத்திலுள்ள பெரிய பள்ளிகட்கே மாணாக்கரை ஆண்டுதோறும் அனுப்பும் வழக்கத்தை மாற்றி, ஆளுக்கு நான்கு வாரமேனும் மலைப்பள்ளியிற் பழக விடுதல் வேண்டும். பழைய மாணாக்கருள் அரசுப் பணியிலும் சட்டத்துறையிலும் உள்ளோர் முதலிற் கூறிய விண்ணப்பத்தை எழுதித் தரின் நன்றியுடையோமாவோம்.

கோடை விடுமுறைக்கு முன்னாள் பைல் நாட்டு மாணாக்கர் எம் அறைக்கு வந்தார். தம் ஊரில் 400 மீட்டர் சமநிலம் கிடையாதென்றும், களத்துமேட்டையும் பள்ளி முற்றத்தையும் சேர்த்து அளந்தால் 60 மீட்டர் நேராக ஓட இடம் கிடைக்கும் என்றும் கூறி, ஓர் அளவுநாடாவும் இரண்டு நிறுத்தற் கடிகாரமும் இரவல் கேட்டார். கொடுத்தோம். விடுமுறையில் ஊர்ப்பிள்ளைகளை ஓடவிட்டு நேரம் குறிக்கப் போவதாகச் சொன்னார். கதவுவரை சென்றவர் திரும்பி நின்று, "பெயர், வயது, நேரம் மூன்றும் எழுதப் பட்டியல் போட்டிருக்கிறேன், ஐயா. காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்றும் ஒரு கட்டம் சேர்க்கலாமா?" என்று வினவினார்.

சேர்க்குமாறு கூறினோம்.